காட்டுக்கு உரம் போடுவது யார்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லோருக்கும் வணக்கம். போன வீடியோவுக்கு வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

"ஐயா, என் தோப்பில் ஒவ்வொரு மரத்துக்கும் வருடத்துக்கு இரண்டு தடவை உரம் வைக்கிறேன். ஒரு வருடம் விட்டால் காய் குறைந்துவிடுகிறது. தோப்பில் நின்று நிமிர்ந்து பார்த்தால் எதிரே மலைக்காடு. அந்தக் காட்டுக்கு யாரும் ஒரு கைப்பிடி உரம் போட்டதில்லை. அது மட்டும் எப்படிப் பச்சையாகவே இருக்கிறது? அடியில் வெறும் பாறைதானே? சத்து எங்கிருந்து வருகிறது?"

ரொம்ப நல்ல கேள்வி. உரம் வைத்து வைத்துக் கை ஓய்ந்த ஒருவருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். "அடியில் வெறும் பாறைதானே" என்கிறார் இல்லையா, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்தக் கல்லைப் பாருங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். கோத்தகிரி ரோட்டோரம் மலையை வெட்டின இடத்தில் உதிர்ந்து கிடந்தது, எடுத்து வந்து சுத்தியலால் இரண்டாக உடைத்தேன். நடுவில் பாருங்கள், கருநீலமாக, எண்ணெய் தடவினது மாதிரி மினுமினுவென்று இருக்கிறது. சுத்தியலே தெறிக்கிற அளவுக்குக் கெட்டி. அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் துருப்பிடித்த நிறத்தில் ஒரு வளையம் ஓடுகிறது. அந்த வளையத்தை நகத்தால் சுரண்டுகிறேன், பொடிப்பொடியாக உதிர்கிறது பார்த்தீர்களா? இந்தக் கல் கிடந்த இடத்தில் இதைச் சுற்றி இருந்தது முழுக்கச் செம்மண். ஆக, ஒரே கல்லில் பாறையும் இருக்கிறது, பாதி மண்ணாகிப்போன பாறையும் இருக்கிறது. அதற்கு வெளியே முழு மண்.

இந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். நீலகிரி முழுக்க இதுதான், ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயது. பெயர் வந்த கதையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கொல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற பழைய ஆங்கிலேய அதிகாரியின் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல் நம் சென்னைப் பக்கத்துப் பாறை. பின்னாளில் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் இந்தப் பாறையை ஆராய்ந்தபோது, கல்லறையில் படுத்திருப்பவரின் பெயரையே பாறைக்கும் வைத்துவிட்டார். பல்லாவரத்தில் இந்தப் பாறை இருக்கும் இடம் இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். அந்த வழியாகப் போகிறவர்கள் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

சரி, சுத்தியலுக்கே மசியாத கல்லை எது இப்படிப் பொடியாக்கியது? தண்ணீர்தான். மழைத்துளி விழும்போதே காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு விழுகிறது. சோடாவில் இருக்கும் அதே வாயுதான். மண்ணுக்குள் இறங்கினதும் அந்தத் தண்ணீருக்குப் புளிப்பு இன்னும் ஏறும். ஏனென்றால் வேர்களும் நுண்ணுயிர்களும் மண்ணுக்குள் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கின்றன. அதனால் மேலே வீசும் காற்றில் இருப்பதைவிட மண்ணுக்குள் இருக்கும் காற்றில் கரியமில வாயு பல மடங்கு அதிகம். இந்த மெல்லிய புளிப்புத் தண்ணீர் பாறையின் விரிசல்களில் இறங்கி, ஃபெல்ட்ஸ்பார் என்கிற கனிமத்தைக் களிமண்ணாக மாற்றுகிறது. மாற்றும்போது அதற்குள் பூட்டி வைத்திருந்த பொட்டாசியமும் கால்சியமும் வெளியே வருகின்றன. நீங்கள் சாம்பல் சத்து என்று மூட்டையில் வாங்குகிற பொட்டாசியம் இதுவேதான். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அபடைட் என்ற இன்னொரு கனிமத்தில் துளித்துளியாக இருக்கிறது. அதுவும் இப்படித்தான் கரைந்து வருகிறது.

அப்படியானால் உங்கள் கேள்விக்கு முதல் பதில் இது: "வெறும் பாறை" என்று ஒன்று கிடையாது. பாறைதான் காட்டின் உரக் கிடங்கு. தண்ணீர்தான் அதன் சாவி.

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மட்டும் இந்தக் கிடங்கில் கிடைக்காது. சார்னோகைட் மாதிரிப் பாறையில் நைட்ரஜன் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அது காற்றில் இருக்கிறது, காற்றில் 78 விழுக்காடு அதுதான். ஆனால் மரத்தால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேர்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியா, பாறை மேல் ஒட்டியிருக்கும் சில லைக்கன்கள் (பூஞ்சையும் பாசியும் கூட்டாக வாழும் உயிர்), ஈரத்தில் வளரும் நீலப்பச்சைப் பாசி, இவைதான் அதைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன. இடி மின்னலோடு பெய்யும் மழையில் பயிர் பச்சை கட்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மின்னலின் சூட்டில் கொஞ்சம் நைட்ரஜன் மழைநீரோடு சேர்ந்து இறங்குவது உண்மைதான். ஆனால் அதன் பங்கு சிறியது, பெரும் வேலையை நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன.

இதுவரை கேட்டுவிட்டு, "ஓ, பாறை கரைகிறது, காற்றிலிருந்தும் வருகிறது, அதுதான் ரகசியம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த வரவு ரொம்பச் சின்ன வரவு. ஓர் அங்குல மண் உண்டாகவே நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஒரு காடு ஒரே வருடத்தில் போடுகிற இலைக்கும் கிளைக்கும் தேவையான சத்தில் சின்னப் பங்கைத்தான் பாறை அந்த வருடத்தில் தருகிறது. மிச்சம் எங்கிருந்து வருகிறது? போன வருடத்து இலையிலிருந்து! அதற்கு முந்தின வருடத்து இலையிலிருந்து, விழுந்த மரத்திலிருந்து, செத்த பூச்சியிலிருந்து. காடு சம்பாதிப்பது கொஞ்சம். ஆனால் சம்பாதித்ததைக் கையை விட்டுப் போக விடுவதில்லை. எதிர் மலை பச்சையாக இருப்பதற்கு நான் சொல்லும் முக்கியக் காரணம் அதுதான்.

சோலைக்காட்டுக்குள் போக அனுமதி கிடைத்தால், ஓர் இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சருகை மெதுவாக, ஒவ்வோர் அடுக்காக விலக்கிப் பாருங்கள். மேலே கிடப்பது முழு இலை, இன்னும் காம்பு கூட உதிராதது. அதற்கு அடியில் இருப்பது கறுத்து, ஈரமாகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். இன்னும் கீழே போனால் சதையெல்லாம் தின்னப்பட்டு நரம்பு மட்டும் வலை மாதிரி மிஞ்சிய இலை. அந்த வலைகளுக்கு இடையே வெள்ளை நூல் நூலாக ஓடும். அது பூஞ்சை. அதற்கும் கீழே இலையா மண்ணா என்று சொல்ல முடியாத கறுப்புப் பொருள், விரலில் எடுத்தால் மழை வாசம். அதற்குள்ளேயே மரத்தின் மெல்லிய வேர்கள் மேல்நோக்கி வந்து பின்னிக்கொண்டிருக்கும். மரம் தன் இலையை அது முழுதாக மண்ணாவதற்கு முன்பே திரும்பச் சாப்பிடத் தொடங்கிவிடுகிறது. ஒரு சாண் ஆழத்துக்குள் இத்தனையும் நடக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

அந்த வெள்ளை நூல்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சருகை மக்கச் செய்கிற பூஞ்சை ஒரு வகை. வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழ்கிற பூஞ்சை இன்னொரு வகை. இதில் தென்னை, நெல் உள்படப் பல பயிர்களோடு சேர்வதை வேர் உட்பூசணம் என்று வேளாண் துறையில் சொல்வார்கள், கடையில் 'வேம்' என்று கேட்டாலே தருவார்கள். மண்ணில் பாஸ்பரஸ் நகரவே நகராது. முக்கியமாக நம் செம்மண்ணில் அது இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வேர் போய்த் தொட முடியாத இடுக்குக்குள் இந்தப் பூஞ்சை இழை நுழைந்து அதை எடுத்து வந்து மரத்துக்குக் கொடுக்கிறது. கூலியாக மரம் தன் சர்க்கரையைக் கொடுக்கிறது. நிலத்தில் வளரும் செடிகளில் பத்தில் எட்டுக்கு இப்படி ஒரு கூட்டு உண்டு.

இலை பழுக்கிறதே, அது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? உதிர்ப்பதற்கு முன்னால் மரம் அந்த இலையிலிருந்து தழைச்சத்தையும் மணிச்சத்தையும் ஏறக்குறைய பாதி அளவுக்குத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இலையிலிருந்த சத்து கிளைக்குப் போகும்போது பச்சையமும் சிதைந்துவிடுவதால்தான் இலை மஞ்சளாகிறது. நம் ஊர் விவசாயிகள் நெல் வயலுக்கு உரமாகப் புங்கந்தழையும் கொளிஞ்சியும் வெட்டிப் போட்டபோது, பழுத்த இலையைப் பொறுக்காமல் பச்சைத் தழையாகவே வெட்டினார்கள் இல்லையா? காரணம் இதுதான். சத்து உள்ளே இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். நைட்ரஜனுக்குத் தழைச்சத்து என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

விலங்குகளும் இதில் சேர்த்திதான். ஒரு யானை நாளைக்குச் சுமார் 150 கிலோ தீவனம் தின்னும். பள்ளத்தாக்கில் தின்றதை மேட்டில் போடும். சாணி வண்டு அதை உருட்டி மண்ணுக்குள் புதைக்கும். நாம் வயலில் எருவுக்காக ராத்திரி ஆட்டு மந்தையை அடைத்து ஆட்டுக்கிடை அமர்த்துகிறோமே, அதே வேலை.

இப்போது தண்ணீரின் இன்னொரு முகத்தைப் பார்ப்போம். சாவி என்று சொன்னேன், ஆனால் அது திருடனும்கூட. பாறையிலிருந்து சத்தைக் கரைத்து எடுத்துக் கொடுத்த அதே தண்ணீர், வேர் பிடிக்காவிட்டால் அதைக் கரைத்தபடியே ஓடைக்குக் கொண்டுபோய்விடும். எவ்வளவு கொண்டுபோகும் என்று அளந்து பார்த்த ஒரு சோதனை இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மலைக்காட்டில், ஹப்பார்டு புரூக் என்ற இடம். ஜீன் லைக்கென்ஸ், ஹெர்பர்ட் போர்மன் என்ற ஆய்வாளர்களும் அவர்கள் குழுவும் செய்தது. 1965-66 குளிர்காலத்தில் ஒரு சின்ன நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்களை மொத்தமாக வெட்டினார்கள். வெட்டின மரத்தை ஒன்றுகூட வெளியே எடுத்துப் போகவில்லை, அங்கேயே போட்டார்கள். ரோடு போடவில்லை, மண்ணைக் கிளறவில்லை. திரும்பத் துளிர்க்காமல் இருக்க மட்டும் களைக்கொல்லி அடித்தார்கள். அப்புறம் அங்கிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீரை வாரா வாரம் அளந்தார்கள்.

முதல் வருடத்திலேயே ஓடையில் நைட்ரேட், அதாவது தண்ணீரில் கரைந்து வரும் தழைச்சத்து, சுமார் 40 மடங்கு ஏறியது. அடுத்த வருடம் 50 மடங்கைத் தாண்டியது. குடிநீருக்கு ஏற்ற அளவையே தாண்டிவிட்டது. கால்சியமும் பொட்டாசியமும் கூடவே போயின. யோசித்துப் பாருங்கள், மழை அதே மழை, பாறை அதே பாறை, மண்ணும் அங்கேயே இருக்கிறது. உறிஞ்சுவதற்கு உயிருள்ள வேர் மட்டும் இல்லை. இத்தனை காலம் சேர்த்து வைத்தது ஓடையில் போய்விட்டது. சத்தை மண் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் பிடித்து வைத்திருப்பது வேர்தான்.

நம் ஊரில் இதைப் பார்க்கக் கருவி தேவையில்லை. மழைக்காலத்தில் நீலகிரியில் சோலையிலிருந்து வரும் ஓடையையும், சரிவில் கிழங்கும் கேரட்டும் போட்ட நிலத்திலிருந்து வரும் ஓடையையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒன்றில் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். இன்னொன்று டீ நிறத்தில் வரும். அந்த நிறம்தான் மேல் மண், மலை ஆயிரக்கணக்கான வருடமாகச் சேர்த்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

"அப்படியானால் காடு வெட்டாமல் இருந்தால் சத்து என்றைக்கும் தீராதா?" என்று அடுத்த கேள்வி வரும் உங்களுக்கு. தீரும். ரொம்ப மெதுவாகத் தீரும். எவ்வளவு கெட்டியாகப் பிடித்தாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். இதற்கு ஹவாய்த் தீவுகள்தான் நல்ல சாட்சி. அங்கே எரிமலை ஒரு தீவை உண்டாக்கும், அந்தத் தீவு கடலடித் தட்டோடு வடமேற்கே நகர்ந்துவிடும், பழைய இடத்தில் புதுத் தீவு வரும். அதனால் ஒரே மாதிரி எரிமலைப் பாறை, ஆனால் வேறு வேறு வயதில் வரிசையாகக் கிடைக்கிறது. ஒரு முனையில் சுமார் 300 ஆண்டு வயதுள்ள பாறை. மறுமுனையில், காவாய் தீவில், சுமார் 41 லட்சம் ஆண்டு வயது. எல்லாவற்றிலும் ஓஹியா என்ற ஒரே வகை மரம் வளர்கிறது. பீட்டர் விட்டூசெக் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்தக் காடுகளுக்கு உரம் போட்டே பார்த்தார்கள்.

இளம் பாறை மேல் வளரும் காட்டுக்குத் தழைச்சத்து போட்டால் மரம் வேகமாக வளர்ந்தது. காற்றிலிருந்து நைட்ரஜன் சேர அங்கே இன்னும் காலம் போதவில்லை. 41 லட்சம் ஆண்டுக் காட்டில் தழைச்சத்து போட்டால் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. மணிச்சத்து போட்டதும்தான் மரம் வளர்ந்தது. பாறையில் இருந்த பாஸ்பரஸ் அத்தனை காலத்தில் கரைந்து கடலுக்குப் போய்விட்டது. பாஸ்பரஸுக்குக் காற்று வழி கிடையாது. நைட்ரஜன் மாதிரி வாயுவாகத் திரும்பி வராது. கடலுக்குப் போனால், அந்தக் கடலடி என்றைக்காவது மலையாக எழும்பினால்தான் உண்டு.

இருந்தும் அந்தக் கிழக்காடு சாகவில்லை. ஏன் தெரியுமா? ஆசியாவின் பாலைவனங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து விழும் தூசியில் இருக்கும் பாஸ்பரஸ்தான் அதைக் காப்பாற்றுகிறது. அமேசான் காட்டுக்கும் இப்படித்தான். சகாராவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி வரும் தூசி, வருடத்துக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸைக் கொண்டுவந்து போடுகிறது என்று செயற்கைக்கோள் அளவுகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு பாலைவனம் இன்னொரு கண்டத்துக் காட்டுக்கு உரம் போடுகிறது. முதன்முதலில் இதைப் படித்த அன்றைக்கு நான் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மலையிலிருந்து போவதெல்லாம் வீணாகவும் போவதில்லை. மலைகளிலிருந்து காவிரியும் பவானியும் கொண்டுவந்த வண்டலில்தான் தஞ்சைச் சமவெளி உண்டானது. 1934-ல் மேட்டூர் அணை கட்டின பிறகு அந்த வண்டலில் பெரும்பங்கு அணைக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. ஏரி குளத்தில் படிந்த வண்டலை வெயில் காலத்தில் வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பது, மலை விட்ட சத்தைத் திரும்பப் பிடிக்கும் வேலைதான்.

சரி, இப்போது உங்கள் தோப்புக்கு வருகிறேன். காட்டுக்கும் தோப்புக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்று. காட்டில் விழுந்தது அங்கேயே கிடக்கிறது. தோப்பில் விளைந்தது லாரி ஏறிப் போகிறது. தேங்காய் போகிறது, அது சரி, அதற்காகத்தானே வைத்தோம். ஆனால் கூடவே உரிமட்டையும் கயிறு ஆலைக்குப் போகிறது. தேங்காய் வழியாகத் தோப்பை விட்டு வெளியேறும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு பருப்பில் இல்லை, அந்த உரிமட்டையில்தான் இருக்கிறது. ஒரு தென்னைக்கு வருடத்துக்கு 2 கிலோ மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்ற சாம்பல் சத்து உரம் வைக்கச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது இல்லையா, அது இப்படி ஏறிப்போனதை ஈடுகட்டத்தான். அப்புறம் விழுந்த ஓலையைக் கூட்டி எரிக்கிறோம். எரித்தால் தழைச்சத்து புகையோடு போகிறது. சாம்பல் மிஞ்சும், ஒரு மழையில் அதுவும் பாதி கரைந்துவிடும்.

அதனால் உரமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். விளைச்சலாக வெளியே போனதைத் திரும்ப வைத்தே ஆக வேண்டும். பாறை அந்த வேகத்துக்குத் தராது. உரத்தை நிறுத்தினால் காடு மாதிரி ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் போக வேண்டாததைப் போகவிடாமல் பிடிக்கலாம். ஓலையை எரிக்காமல் வெட்டிப் பாத்தியில் மூடாக்காகப் போடுங்கள். மரத்துக்கு மரம் நடுவே வெறும் தரையாக விடாமல், மழைக்கு முன்னால் சணப்போ கொளிஞ்சியோ விதைத்துப் பூக்கிற நேரத்தில் மடக்கி உழுங்கள். தழைச்சத்து மூட்டையில் ஒரு பங்கு குறையும். பெரிய மழையிலும் மண்ணில் உயிருள்ள வேர் இருக்கும். ஹப்பார்டு புரூக்கில் இல்லாமல் போனது அந்த வேர்தான்.

உரிமட்டை முழுவதையும் விற்காமல் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். மரத்திலிருந்து ஐந்து அடி தள்ளிச் சுற்றிலும் ஓர் அடி அகலம், இரண்டு அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, சுமார் 100 மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி மண்ணால் மூடுங்கள். மழைத் தண்ணீர் மட்டைக்குள் தங்கும், கோடையில் குரும்பை உதிர்வதும் குறையும், சாம்பல் சத்தும் கொஞ்சம் கொஞ்சமாக வேருக்குப் போகும். எல்லா மரத்துக்கும் ஒரே வருடத்தில் செய்ய முடியாது. இந்த வருடம் பத்து மரத்துக்குச் செய்து, அந்தப் பத்து மரத்துக் காயை மட்டும் தனியாக எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.